கல்லில் காலியாக இருந்த இடம்

இலந்தையூர் தங்கப்புஷ்பம் டென்னிஸ் அரங்கத்துக்கு முதன்முதலாக முழங்கால் வீங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் முறை என்பதால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிழக்கு வாசலின் இடதுபக்கத் தூண், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சின்னப் பலாக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. குடத்தோடு போன பெண்கள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடாக இருக்கிறது என்றார்கள், வாசலில் புட்டு விற்கிற வெயிலுகந்தாள் அது நீர்க்கோத்த வீக்கம் என்றாள், நகராட்சிப் பொறியாளர் வந்து சுத்தியலால் மெல்லத் தட்டியபோது தூண் வலி பொறுக்காமல் உள்ளுக்குள் சுருங்கியது. அவர் பதறி, "மன்னிச்சுக்கிடும்மா" என்று தூணிடம் சொல்லிவிட்டு, அறிக்கையில் 'ஈரக்கசிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கையைக் கோப்பில் சேர்த்தவள் நான். பெயர் பிரேமகுமாரி, இலந்தையூர் நகராட்சியில் இளநிலை உதவியாளர், இந்த ஊரில் பிறப்பு இறப்புச் சான்றிதழ் முதல் நகர்மன்றத் தீர்மானம் வரை என் விரல் படாமல் எதுவும் வெளியே போகாது. தூணைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது யாருடைய முழங்கால் என்று. ஒன்பது வருடம் அந்த முழங்காலுக்குப் பக்கத்தில்தான் நான் ஓடினேன். மதியம் செய்தி வந்தது, தங்கப்புஷ்பம் எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் பந்தை எடுக்கப் பாய்ந்து இடது முழங்காலைத் திருகிக்கொண்டாள் என்று.

ஆபீசர்ஸ் கிளப்புக்குப் பின்னால் ஒரு செம்மண் கோர்ட் உண்டு. சாயங்காலம் அதிகாரிகள் ஆடுவார்கள், காலையில் அது சும்மா கிடக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் கெஞ்சிக் கூத்தாடி அதைக் காலையில் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். புஷ்பத்தின் அப்பா கிளப்புக்கு எதிரே பரோட்டாக் கடை வைத்திருந்தார், என் அப்பா தபால்காரர். அவள் பின்னால் நின்று ஆடுவாள், நான் வலை ஓரம் நிற்பேன், பந்து தரையில் விழுவதற்கு முன்னாலேயே நான் அடித்துவிடுவேன் என்பதால் எனக்குக் கொக்கு என்று பெயர். பதினேழு வயதில் மாநில அளவில் இரட்டையர் கோப்பை வாங்கினோம். அதற்கப்புறம் எனக்கு மாப்பிள்ளை வந்தது, அவளுக்கு ரயில் வந்தது. அவள் ரயில் ஏறினாள், நான் மணமேடை ஏறினேன், கோப்பை தலைமை ஆசிரியையின் அலமாரிக்குள் ஏறியது.

இருபத்தாறு வயதில் அவள் புல்தரையில் ஆடுகிற ஒரு பெரிய கோப்பையை வென்றாள். டென்னிஸ் என்றால் கிளப்பில் துரைமார் ஆடுவது என்று நினைத்திருந்த ஊர், அன்றைக்கு நாலு தெருவிலும் வெடி போட்டது. அப்போதுதான் புறவழிச் சாலை ஓரம் புதிதாக ஒரு டென்னிஸ் அரங்கம் கட்டி முடித்திருந்தார்கள், ஆறாயிரம் பேர் உட்காருகிற கேலரியோடு. அதற்கு அவள் பெயரையே வைத்துவிடலாம் என்று நகர்மன்றத் தலைவர் அழகுராஜா சொன்னார். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஊரில் கல்லில் பெயர் வெட்டுவது செத்தவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கிறவர் பெயரைக் கல்லில் வெட்டினால் அந்தக் கல் ஆளைத் தேடும் என்பார்கள். பதினோராவது வார்டு கவுன்சிலர் எழுந்து, "உயிரோட இருக்கவங்க பேரை உபயம்னு கோயில் டியூப்லைட்ல எழுதலியா? அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "டியூப்லைட்டு பியூஸ் போயிரும், கல்லு போகாதே" என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, நான்தான் தட்டச்சு செய்தேன், சந்தோஷமாகவே செய்தேன்.

கல்லை வெட்டியவர் மாசிலாமணி அண்ணாச்சி. முப்பது வருடமாக இந்த வட்டாரத்தின் எல்லாக் கல்லறைத் தோட்டத்துக்கும் எல்லாச் சுடுகாட்டுக்கும் அவர்தான் எழுத்து வெட்டுகிறவர். கைக்கு ஒரு பழக்கம் விழுந்துவிட்டால் அது மூளையைக் கேட்காது. பெயரை வெட்டினார், அதன் கீழே 'தோற்றம்' என்று வெட்டிப் பிறந்த தேதியைப் போட்டார், அதற்கும் கீழே 'மறைவு' என்று வெட்டி, தேதிக்கு இடம் விட்டு, உளியைத் துடைத்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திறப்பு விழாவன்று மந்திரியின் கார் ஊர் எல்லையைத் தொட்ட பிறகுதான் தலைவர் அதைப் படித்தார். வேறு கல்லுக்கு எங்கே போவது? கேந்திப்பூ மாலை ஒன்றைப் போட்டு அந்த வரியை மறைத்தார்கள், பிறகு இரண்டு ராக்கெட்டுகள் குறுக்காக இருக்கிற மாதிரி ஒரு பித்தளைத் தகடு செய்து அதன் மேல் திருகினார்கள்.

மாலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று, விழாவுக்கு வந்திருந்த புஷ்பத்திடம் நான் சொல்லிவிட்டேன். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணாச்சி எடம் விட்டுத்தான வச்சிருக்காரு, பெறகென்ன" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி கொக்கு, நீ ஆபீஸ்லதான இருக்க. அந்த எடத்துல யாரும் கை வைக்காமப் பாத்துக்கிடு" என்றாள்.

"சரிட்டி" என்றேன். அவ்வளவுதான். சத்தியம் என்று தலையில் அடித்தெல்லாம் செய்யவில்லை, ஆனாலும் அது சத்தியம்தான்.

முழங்கால் வீங்கிய செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இது புஷ்பத்தின் முழங்கால் என்று நான் சொன்னவுடன் வெயிலுகந்தாள் அடுப்பில் தவிட்டையும் கல் உப்பையும் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, தூணுக்கு ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் கை ஓய்ந்தால் இன்னொருத்தி, அவள் ஓய்ந்தால் மற்றொருத்தி, இப்படி மூன்று நாள், தெருவாரியாக முறை வைத்து, நொச்சி இலை பறித்தவர்கள் நொச்சி இலையும் விளக்கெண்ணெய் வைத்திருந்தவர்கள் விளக்கெண்ணெயுமாகக் கொண்டுவந்து, ஒரு ஊரே ஒரு தூணைச் சுற்றி உட்கார்ந்து தேய்த்துவிட்டது. நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் அவள் நொண்டாமல் கோர்ட்டுக்குள் நடந்து வந்தாள், ஊரே கை தட்டியது, வெயிலுகந்தாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் முத்தமிட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாம் பழகிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கேலரிப் படிகள் கொதிக்கும். மழைக்காலத்தில் அப்படி வந்துவிட்டால் பெண்கள் கூழ்வற்றலைக் கொண்டுபோய்ப் பிழிந்து காயவைத்தார்கள், 'பாவம் பிள்ளை, சீக்கிரம் குணமாகட்டும், ஆனால் வற்றல் காய்ந்த பிறகு' என்று வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. அவள் அழுதால் கூரை ஒழுகும், அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அவள் ஜெயித்தால் தண்ணீர் முறை இல்லாத நாளிலும் அரங்கத்துக் குழாய்கள் தானாகத் திறந்து கொட்டும், அதனால் பெரிய போட்டி நடக்கிற வாரங்களில் ஊர்க் குடங்கள் எல்லாம் அங்கே வரிசையில் நின்றன. யாரும் செய்தியைக் கேட்பதில்லை. போகிற வழியில் சுவரில் கையை வைத்துப் பார்த்து, "இன்னிக்கு நல்லாத்தான் ஆடியிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அவள் கடிதம் போடவும் இல்லை, நான் போன் செய்யவும் இல்லை. தினம் காலை அலுவலகம் போகும்முன் தூணைத் தொட்டுவிட்டுப் போவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

நல்லது நடந்துகொண்டிருக்கிற வரை எந்த ஊரும் நல்ல ஊர்தான். ஆறாயிரம் பேர் உட்காருகிற இடம் வருடத்தில் பாதி நாள் சும்மா இருக்கலாமா என்று கேட்டு, அங்கே கல்யாணம் வைக்க விட்டார்கள். சுபமுகூர்த்தத்தன்று அவள் ஜெயித்தால் பந்திக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை என்பதால் ஐப்பசி, தை, வைகாசி எல்லாம் முன்பதிவாகிவிட்டன. கேலரிக்கு அடியில் கடைகள் வந்தன, ஒரு டியூஷன் சென்டர் வந்தது, கடைசி அறையில் ஒரு பால்வாடி வந்தது. என் மகள் ஜெபசெல்வி அந்தப் பால்வாடியில்தான் சேர்ந்தாள்.

முப்பத்திரண்டு வயதில் புஷ்பம் தோற்கத் தொடங்கினாள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எல்லா ஆட்டக்காரருக்கும் வருவதுதான். முதல் தோல்விக்கு வடக்குச் சுவரில் நூல் மாதிரி ஒரு விரிசல். கொத்தனார் வந்து பூசினார். இரண்டாவது தோல்விக்கு அதே நூல் கயிறானது. ஒரு சித்திரை மாதக் கல்யாணத்தில், தாலி கட்டி முடித்து மணமக்கள் இலையின் முன் உட்காருகிற நேரத்தில், எங்கோ ஒரு வெளிநாட்டில் அவள் முதல் சுற்றிலேயே தோற்க, கூரைக் காரை பெயர்ந்து மாப்பிள்ளையின் சாம்பாரில் விழுந்தது. கல்யாண வீட்டார் வாழைமரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கூழ்வற்றல் காயவைத்த அதே பெண்கள், "இவளுக்கு என்னட்டி வந்துச்சு? ஒழுங்கா ஆடத் தெரியலேன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்று பேசிக்கொண்டார்கள். ஒத்தடம் கொடுக்கிற முறைக்கு ஆள் வருவது குறைந்தது. முதலில் தெற்குத் தெரு வரவில்லை, பிறகு பஜார் தெரு. கடைசியில் வெயிலுகந்தாளும், "எனக்கும் வயசாவுதுல்லா" என்று உப்பு வறுக்கிற சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். அப்பா அம்மாவை முன்பே சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டதால் பயணியர் மாளிகையில் தங்கியிருந்தாள். தலைவர் தட்டில் பழம், வெற்றிலை, சால்வையோடு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார். குறிப்பெடுக்க நானும் போனேன்.

"புஷ்பம், நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று ஆரம்பித்தார் தலைவர். "உச்சத்துல இருக்கும்போதே எறங்கிரணும். பேரோட புகழோட இருக்கும்போதே ஆட்டத்தை நிப்பாட்டிரு. ஊருக்கும் நல்லது."

"நான் இன்னும் நல்லாத்தான் ஆடுதேன் மாமா. சில நாளு ஜெயிக்கேன், சில நாளு தோக்கேன்."

"நீ தோக்கது ஒனக்கு ஒரு நாளு. எங்களுக்குச் சொவரு போவுது."

"நான் ஆடுததுக்குத்தான பேரு வச்சிய?"

"பேருதான் வச்சாச்சுல்லா. இனி எதுக்கு ஆடணும்?" என்றார் தலைவர். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியாமல்தான் கேட்டார்.

புஷ்பம் தட்டைத் தலைவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "அப்ப என் பேரை எடுத்துருங்க மாமா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றாள். அது எப்படி முடியும், மந்திரி திறந்த கல், நட்ட கல்லைப் பிடுங்கினால் ஊருக்கு ஆகாது என்று பத்துப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "எனக்கு இதைத் தவிர ஒண்ணும் தெரியாது. கால் நிக்க வரைக்கும் ஆடுவேன்" என்று அவள் கும்பிட்டாள். சால்வை தட்டிலேயே திரும்பி வந்தது. வெளியே வரும்போது அவள் என்னைப் பார்த்தாள், நான் நோட்டுப் புத்தகத்தை மூடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள், குளிரான ஊர் போல, கூட்டம் கம்பளிச் சட்டையோடு இருந்தது. முதல் செட்டைத் தோற்றாள். இரண்டாவது நீண்டுகொண்டே போனது. மூன்றாவது முடிந்தபோது அவள் வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், அதே நேரம் பால்வாடி ஆயா ஓடிவந்து கத்தினாள். கேலரியின் அடியிலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்திருந்தது. ஜெபசெல்வி தூங்கிக்கொண்டிருந்த பாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. குழந்தை முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள், கண்ணை மட்டும் திறந்து திறந்து மூடினாள். அவளை அள்ளிக்கொண்டு ஓடும்போது என் வாயிலிருந்து புஷ்பத்தைத் திட்டி வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன்.

வழி சொன்னவர் மாசிலாமணி அண்ணாச்சிதான். "கல்லு முடியாம நிக்கி. அதான் ஆளோட ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார் மன்றத்தில். "தேதியை வெட்டிட்டா விட்டுரும். நான் வெட்டின எந்தக் கல்லும் தேதி விழுந்த பெறகு அசைஞ்சதில்லை."

"உயிரோட இருக்க பிள்ளைக்கு எப்படிய்யா..." என்று பதினோராவது வார்டு இழுத்தார். இழுத்தாரே தவிர எதிர்த்துக் கை தூக்கவில்லை. ஆட்டக்காரி தங்கப்புஷ்பம் வேறு, மனுஷி தங்கப்புஷ்பம் வேறு, கல் ஆட்டக்காரிக்குத்தான், ஆட்டக்காரிக்கு முடிவு குறிப்பதில் பாவம் இல்லை என்று தலைவர் விளக்கினார். அந்த விளக்கம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. தீர்மானத்தைத் தட்டச்சு செய்யும்போது தேதிக்கு முன்னால் விரல் நின்றது.

"என்ன தேதிங்க ஐயா?"

"நீதானம்மா அவகூட ஆடுனவ. பொருத்தமா ஒண்ணு போடு."

நான் அந்தத் திங்கட்கிழமையைப் போட்டேன். குழந்தைக்காகத்தான் போட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குழந்தைக்காகத்தான், ஆனால் ஆறாயிரம் பேர் உட்காருகிற இடத்துக்கு வைத்த பெயரில், வலை ஓரம் நின்றவளின் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை என்பதும் அந்த விரலுக்குள் இருந்தது. பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பித்தளைத் தகட்டைக் கழற்றி, அண்ணாச்சி தேதியை வெட்டினார். கடைசி எண் விழுந்தவுடன் கட்டடம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது, விரிசல்கள் கூடிக்கொண்டன, தூண் குளிர்ந்தது. தேதி விழுந்துவிட்டால் சும்மா இருக்கக் கூடாது என்று ஊர் நினைத்தது. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று தலைவர் எவ்வளவோ சொன்னார். ஆனால் ஏழாவது வார்டு ஒன்று வைக்க, எட்டாவது வார்டு அதைவிட உயரமாக ஒன்று வைக்க, நடுவில் புஷ்பத்தின் படம் தபால்தலை அளவுக்கும் சுற்றிலும் கவுன்சிலர்களின் படம் ஆள் உயரத்துக்குமாக பஜார் முழுக்க நின்றன. பதினாறாம் நாள் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அழுதவர்கள் நிஜமாகவே அழுதார்கள். 'மகராசி, எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரி' என்று வெயிலுகந்தாள் மூக்கைச் சிந்தினாள். புஷ்பம் அந்த வாரம் வேறொரு நாட்டில் காலிறுதிக்குப் போயிருந்தாள், அந்தச் செய்தி வந்த பக்கத்தை இலந்தையூரில் யாரும் படிக்கவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. அரங்கத்தின் நடுவில் பந்தைப் போட்டால் எழும்பவில்லை. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விழுந்த இடத்திலேயே களிமண் உருண்டை மாதிரி உட்கார்ந்துவிட்டது. புதுப் பந்து வரவழைத்தார்கள், தரையைச் சுரண்டிப் பூசினார்கள், பயனில்லை. ஆடிக்கொண்டிருந்த நாலைந்து பிள்ளைகள் கேரம் போர்டுக்கு மாறினார்கள். பந்து எழும்பாத மைதானம் கல்யாணத்துக்கு இன்னும் வசதி என்று சொல்லி ஊர் அதையும் மறந்தது.

அடுத்த ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் வந்தாள். தலையில் தொப்பி, தோளில் பை, அலுவலக வாசலில் வந்து நின்றாள். எங்கள் அலுவலக உதவியாளர் இசக்கிமுத்து எழுந்து அவளை உற்றுப் பார்த்தார். எத்தனையோ முறை அவளுக்காகக் கை தட்டியவர்.

"அந்தம்மா சாடையா இருக்கியளே" என்றார். "நல்ல மனுஷி. என்ன செய்ய, விதி. ஒங்களுக்கு அவிய என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்" என்றாள் புஷ்பம்.

நான் அரைநாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு அவளோடு நடந்தேன். வழியில் மூன்று பேர் அவளிடம் துக்கம் விசாரித்தார்கள். அவள் மூன்று பேருக்கும் தலையை ஆட்டினாள். அரங்க வாசலில் நின்று கல்லைப் படித்தாள். தேதியின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தடவினாள். உள்ளே முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரமும் நாற்காலிகளும் அப்படியே கிடந்தன. அவள் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் போட்டாள். அது விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்து, இரண்டு ராக்கெட்டில் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"தரையில விடாம ஆடுவோமா, கொக்கு?"

பதினேழு வருடத்துக்கு அப்புறம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் வலை ஓரம் நின்றேன். அவள் மெல்ல அடித்தாள், நான் திருப்பினேன். பந்து தரையைத் தொடாமல் அவளுக்கும் எனக்குமாகப் போய் வந்தது, பத்து, இருபது, என் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் அடித்துக்கொண்டே பேசினாள்.

"உப்பு ஒத்தடம் எனக்குத் தெரியும்ட்டி. எந்த ஊருக்குப் போனாலும் முட்டியில சூடு வந்து நிக்கும், தவுட்டு வாசம் அடிக்கும். டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பாரு. காலையில ஒம்பது மணிக்கு ஒரு கை மட்டும் தொட்டுட்டுப் போகும். அது நீதான்னு எனக்குத் தெரியும்."

முப்பது, முப்பத்தொன்று.

"ஒரு நாளு எல்லாம் நின்னு போச்சு. முதுகுல இருந்து யாரோ கையை எடுத்த மாதிரி இருந்துச்சு. அப்பாவுக்கு ஏதும் ஆயிட்டோன்னு பதறி வீட்டுக்குப் போன் பண்ணேன். அப்பா நல்லாத்தான் இருக்காங்க. பெறகு யாரோ ஃபிளெக்ஸ் போட்டோவை அனுப்புனாவ. பால்வாடியில ஒம் பிள்ளை பக்கத்துல காரை விழுந்ததையும் அவியதான் சொன்னாவ."

நாற்பது. பந்து போய்க்கொண்டிருந்தது.

"தேதியை யாருட்டி போட்டா?"

அவளுக்குத் தெரியாது, அவள் சும்மாதான் கேட்டாள். தலைவர் என்று சொல்லியிருக்கலாம், மாசிலாமணி என்று சொல்லியிருக்கலாம், மன்றம் என்று சொல்லியிருக்கலாம், அதெல்லாம் பொய்யும் இல்லை. பந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன்.

பந்து என் ராக்கெட்டின் விளிம்பில் பட்டு என் பக்கத்திலேயே விழுந்தது. விழுந்தபடியே கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் கோபப்படுவாள் என்று நின்றேன், அறைந்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவள் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள்.

"அன்னிக்கு ரெண்டாவது செட்டு நான் ஜெயிச்சேன்ட்டி" என்றாள். "ஏழுக்கு அஞ்சு. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த செட்டை அவள் வென்றபோது மேசையைத் தட்டிக் கூவினேன், இசக்கிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அது தேதி போடும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இல்லை, வந்தது. நான் அதற்கு ராக்கெட்டை நீட்டாமல் நின்றேன், அவ்வளவுதான்.

அவள் என் கையிலிருந்து ராக்கெட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள், பந்தை எடுக்கவில்லை. "பிள்ளைக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு, கல்யாண நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனாள், கல்லின் பக்கம் திரும்பவில்லை. அன்று அழுதது நான் மட்டும்தான், கூரை ஒழுகவில்லை.

போன மாதம் அவளுக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்று படித்தேன். அறுவை முடிந்து மீண்டும் ஆடுவேன் என்று சொல்லியிருந்தாள். மறுநாள் விடிந்ததும் தவிட்டையும் கல் உப்பையும் வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போனேன். இடதுபக்கத் தூணில், ஒன்றரை அடி உயரத்தில், வீக்கமே இல்லாத இடத்தில் ஒத்தடத்தை வைத்து அழுத்தினேன். புட்டுப் பானைக்குப் பின்னாலிருந்து வெயிலுகந்தாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னம்மா இது, சிமெண்டுக்குப் போய் ஒத்தடம் கொடுக்கிய?" என்றாள்.

ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூணில் வைத்து, மணி ஒன்பது ஆகும்வரை உட்கார்ந்திருந்தேன். தூண் கொஞ்சமும் சூடேறவில்லை. உப்புதான் என் கைக்குள் ஆறிக்கொண்டே வந்தது.